இ-பேப்பர் விலைப்பலகையும் மூன்று பட்டன்களும்

இ-பேப்பர் திரையில் ஓர் எண் ஒருமுறை விழுந்துவிட்டால், பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது அங்கேயே நிற்கும். திரைக்குள் தலைமுடிப் பருமனில் லட்சக்கணக்கான நுண்ணுறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் உறைக்குள்ளும் எண்ணெய் போன்ற தெளிந்த திரவமும் அதில் மிதக்கும் வெள்ளை, கறுப்புத் துகள்களும் அடைபட்டிருக்கின்றன. வெள்ளைத் துகளுக்கு நேர்மின்னூட்டம், கறுப்புக்கு எதிர்மின்னூட்டம். ஏறக்குறைய 15 வோல்ட்டை ஒரு திசையில் கொடுத்தால் வெள்ளை மேலே ஏறும்; திசையை மாற்றினால் கறுப்பு ஏறும். மின்சாரத்தை நிறுத்தினால் மேலே வந்த துகள் வந்த இடத்திலேயே தங்கிவிடும். அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்தில் ஜோசப் ஜேக்கப்சனும் அவருடைய மாணவர்களும் உருவாக்கிய இந்த நுட்பத்தை விற்பனைக்குக் கொண்டுவர 1997இல் இ-இங்க் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2007இல் வந்த கிண்டில் அதை உலகம் முழுக்கக் கொண்டுசேர்த்தது. இன்று உள்ளங்கையில் அடங்கும் இ-பேப்பர் திரைகளை ஆன்லைனில் வாங்கி, மைக்ரோகண்ட்ரோலரோடு இணைத்துப் பார்க்கலாம்.

பகல் வெளிச்சத்தில் அச்சடித்த தாள்போலத் தெரிவதும், எழுத்து மாறும்போது மட்டும் மின்சாரம் கேட்பதும் இந்தத் திரையின் பலம். வேகம் இல்லாததுதான் குறை. துகள்கள் திரவத்துக்குள் நீந்தித்தான் மேலே வரவேண்டும். 2.9 அங்குலக் கறுப்பு-வெள்ளைத் திரை ஒன்று முழுதாக மாறச் சுமார் 2 விநாடி ஆகும். மாறிய பகுதியை மட்டும் திருத்தும் முறையில் 0.3 விநாடி. சிவப்பும் சேர்ந்த மூவண்ணத் திரை என்றால் 15 விநாடிவரை போகும். ஆனால் பட்டனைத் தட்டும் விரல், அவசரம் இல்லாதபோதே விநாடிக்கு மூன்று நான்கு முறை தட்டிவிடும். இந்த இரண்டு வேகங்களையும் ஒரே புரோகிராமுக்குள் இணங்கவைப்பதில்தான் பலருடைய முதல் முயற்சி இடறுகிறது.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கடைக்கு விலைப்பலகை செய்வதாக வைத்துக்கொள்ளலாம். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் விலை காலையில் ஒன்றாகவும் வெயில் ஏறியபின் வேறாகவும் இருக்கும். வரத்து மிகுந்த மாதங்களில் கிலோ சில நூறு ரூபாய். பனிக்காலத்தில் மொட்டு குறையும்போது சில ஆயிரம். சாக்பீஸில் எழுதி அழிக்கும் பலகைக்குப் பதில் ஓர் இ-பேப்பர் திரை, கீழே மூன்று பட்டன்கள். ஒன்று விலையைப் பத்து ரூபாய் ஏற்றும், ஒன்று பத்து ரூபாய் இறக்கும், மூன்றாவது மல்லியிலிருந்து பிச்சிக்கும் முல்லைக்கும் தாவும். வயரிங் ஒரு மணி நேர வேலை. விலை 600இலிருந்து 750க்கு ஏறுகிறது. கடைக்காரர் பதினைந்து முறை தட்டுகிறார். திரை 630இல் வந்து நிற்கிறது. பட்டன் பழுது என்று கழற்றி மாற்றுவார்கள். மாற்றிய பட்டனும் அதையே செய்யும்.

பட்டன் என்பது உலோகத் தகடு ஒன்று மடிந்து இரண்டு முனைகளைத் தொடும் இடம், அவ்வளவே. கடைகளில் கிடைக்கும் 6 மில்லிமீட்டர் சதுரப் புஷ் பட்டனுக்கு நான்கு கால்கள் உண்டு. அவை இரண்டிரண்டாக உள்ளேயே இணைந்தவை. பிரெட்போர்டில் திசை மாற்றிச் செருகினால் பட்டன் எப்போதும் அமுங்கியே இருப்பதுபோல் தெரியும். குறுக்கு மூலைகளில் உள்ள இரண்டு கால்களை எடுத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது. ஒரு கால் மைக்ரோகண்ட்ரோலரின் பின்னுக்கும் மற்றது கிரவுண்டுக்கும் போகும். பட்டனைத் தொடாதபோது அந்தப் பின் அந்தரத்தில் தொங்கக் கூடாது. தொங்கினால் பக்கத்தில் ஓடும் வயரின் இரைச்சலையே அது அமுக்காக எடுத்துக்கொள்ளும். அதனால் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று பின்னை 3.3 வோல்ட்டோடு சேர்த்துப் பிடித்திருக்கும். இதைப் புல்-அப் என்பார்கள். விரல் அமுக்கியதும் பின் சுழியத்துக்கு இறங்கும். எடுத்ததும் மறுபடி ஏறும். அமுக்கினால் சுழியம் என்பது புதியவர்களுக்குத் தலைகீழாகப் படும். ஒரு நாளில் பழகிவிடும்.

பெரும்பாலான மைக்ரோகண்ட்ரோலர்களில் புல்-அப் உள்ளேயே இருக்கிறது. ஆர்டுயினோ யூனோவில் 20 முதல் 50 கிலோ ஓம்வரை, இஎஸ்பி32இல் 45 கிலோ ஓம் அளவில். மேசைமேல் வைத்துப் பார்க்க அது போதும். பூக்கடைக்குப் போதாது. பூ வாடாமலிருக்க நாள்முழுக்கத் தண்ணீர் தெளிப்பார்கள். பட்டனைத் தொடும் விரலும் ஈரமாகவே இருக்கும். கால்களுக்கிடையே நீர் படிந்தால் அதன் வழியே சிறு மின்கசிவு ஓடும். உள்ளிருக்கும் புல்-அப் அந்தக் கசிவுக்கு எதிராகப் பின்னைப் பிடித்து நிறுத்தும் அளவுக்கு வலுவானதல்ல. பின் பாதி வழுக்கி, யாரும் தொடாமலே விலை இறங்கத் தொடங்கும். வெளியே 4.7 அல்லது 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தனியாகப் போடுவதும், பட்டன்மேல் ரப்பர் உறை இடுவதும் இதற்கான மருந்து. இஎஸ்பி32இல் 34 முதல் 39 வரையுள்ள பின்களுக்கு உள் புல்-அப்பே கிடையாது. அங்கே வெளி ரெசிஸ்டர் இல்லாமல் வேலையே நடக்காது. தொடு பட்டன்கள் பார்வைக்கு அழகானவை. ஆனால் நீர்த்துளிக்கும் விரலுக்கும் வேற்றுமை காண அவை திணறும். பூ மார்க்கெட்டுக்கு அமுக்கும் பட்டனே ஏற்றது.

அமுக்கும்போது தகடு ஒரே தொடுகையில் ஒட்டிக்கொள்வதில்லை. சிமென்ட் தரையில் விழுந்த கோலிக்குண்டுபோலச் சில முறை துள்ளிய பிறகே அமரும். இந்தத் துள்ளல் நல்ல பட்டனில் ஓரிரு மில்லி விநாடி. பழசானதில் இன்னும் கூடும். மைக்ரோகண்ட்ரோலர் ஒரு மில்லி விநாடிக்குள் ஆயிரக்கணக்கான கட்டளைகளை முடிக்கும் வேகம் கொண்டது. ஒவ்வொரு துள்ளலும் அதற்குத் தனி அமுக்காகத் தெரியும். ஒருமுறை தட்டினால் விலை முப்பது ரூபாய் தாவுவது இதனால்தான்.

துள்ளலை அடக்க இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. பட்டனுக்குக் குறுக்கே 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தால், 10 கிலோ ஓமோடு சேர்ந்து 10 மில்லி விநாடி அளவுக்கு மாற்றத்தை மழுப்பிவிடும். பட்டனுக்குப் போகும் வயர் நீளமாக இருந்தால் இந்தக் கெப்பாசிட்டர் இரைச்சலையும் சேர்த்து விழுங்கும். மற்றது புரோகிராமிலேயே செய்வது. 5 மில்லி விநாடிக்கு ஒருமுறை பின்னைப் படித்து, தொடர்ந்து நான்கு முறை ஒரே விடை வந்தால்தான் அமுக்கு என்று ஒப்புக்கொள்வது. அதாவது ஏறக்குறைய 20 மில்லி விநாடி நிலையாக நின்றால்தான் கணக்கில் சேரும். மனிதர் ஒருமுறை தட்டுவதற்குச் சுமார் 100 மில்லி விநாடி ஆகிறது. ஆகவே இந்தச் சோதனையில் உண்மையான தட்டு எதுவும் நழுவாது. செலவில்லாத இந்த இரண்டாவது வழியே பெரும்பாலும் போதுமானது.

இவ்வளவையும் சரியாகச் செய்த பிறகும் பதினைந்து தட்டு மூன்றாகக் குறையக் காரணம் பட்டனில் இல்லை, காத்திருப்பில் இருக்கிறது. 2.9 அங்குலத் திரையில் 296க்கு 128 புள்ளிகள், மொத்தம் 37,888. புள்ளிக்கு ஒரு பிட் என்றால் 4,736 பைட். எஸ்பிஐ இணைப்பில் 4 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இவ்வளவையும் அனுப்ப 10 மில்லி விநாடிகூட ஆகாது. அனுப்பி முடித்ததும் திரை தன் பிஸி பின்னை உயர்த்திப் பிடிக்கும். சில திரைகளில் தாழ்த்திப் பிடிக்கும். துகள்கள் நீந்தி முடியும்வரை புதிதாக எதையும் அனுப்பாதே என்பது அதன் பொருள். ஆயத்தமாகக் கிடைக்கும் புரோகிராம் நூலகங்கள் பலவும் இந்த 2 விநாடி முழுவதும் பிஸி பின்னையே பார்த்தபடி நிற்கும்படி எழுதப்பட்டவை. அந்த நேரத்தில் கடைக்காரர் எத்தனை முறை தட்டினாலும் பட்டன் பின்னைத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. தட்டு வருகிறது, யாரும் படிக்காமலே போய்விடுகிறது. இரண்டு விநாடிக்கு ஒருமுறை கண் திறந்து பார்க்கும் காவல்காரனுக்கு எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று எப்படித் தெரியும்?

ஆகவே பட்டனைப் பார்ப்பதற்குத் திரையோடு சம்பந்தமில்லாத தனிக் கண் ஒன்று வேண்டும். மைக்ரோகண்ட்ரோலருக்குள் இருக்கும் டைமரே அந்தக் கண். மேலே சொன்ன 5 மில்லி விநாடிச் சோதனையை முதன்மைப் புரோகிராமில் வைக்காமல் டைமரின் இன்டரப்ட்டில் வைத்துவிட்டால், திரைக்காகக் காத்திருக்கும் வேளையிலும் அது விடாமல் நடக்கும். பிஸி பின்னை வெறித்துக்கொண்டிருக்கும் புரோகிராமை ஒரு நொடிப்பொழுது நிறுத்தி, பட்டன்களைப் படித்து, எண்ணிக்கையைக் கூட்டி, மறுபடி அதன் வேலைக்கே அனுப்பிவிடும். பட்டன் பின்னிலேயே நேரடியாக இன்டரப்ட் வைக்கச் சொல்லும் பாடங்களும் உண்டு. அப்படி வைத்தால் ஒவ்வொரு துள்ளலும் ஓர் இன்டரப்ட்டாக வந்து மோதும். டைமர் வழி அதைவிட அமைதியானது. எதுவானாலும் இன்டரப்ட்டுக்குள் செய்யும் வேலை எண்ணுவதோடு நிற்கவேண்டும். அங்கிருந்தே திரைக்கு எழுதப் போனால் பழைய சிக்கல் வேறு வாசல் வழியாகத் திரும்பி வரும்.

எண்ணிக்கையைக் கைமாற்றும் இடத்தில் ஒரு நுட்பமான ஓட்டை இருக்கிறது. டைமர் 3 தட்டுகளை எண்ணி வைத்திருக்கிறது. முதன்மைப் புரோகிராம் அந்த 3ஐ எடுத்துக்கொண்டு, எண்ணிக்கையைச் சுழியமாக்கப் போகிறது. எடுத்ததற்கும் சுழியமாக்கியதற்கும் இடையிலுள்ள கணத்தில் டைமர் வந்து 3ஐ 4ஆக்கிவிட்டுப் போகிறது. பிறகு சுழியம் விழுகிறது. நான்காவது தட்டு எங்குமே பதிவாகவில்லை. நாளைக்கு ஒருமுறைகூட இது நடக்காமல் இருக்கலாம். அதனாலேயே கண்டுபிடிக்கக் கடினமான பிழை இது. எடுத்துச் சுழியமாக்கும் அந்த இரண்டு கட்டளைகளுக்கு மட்டும் இன்டரப்ட்டை நிறுத்தி, உடனே திறந்துவிட்டால் ஓட்டை அடைபடும். அந்த எண்ணிக்கைக்கு வொலட்டைல் என்று அடைமொழி கொடுப்பதையும் மறக்கக் கூடாது. கொடுக்காவிட்டால், தனக்குத் தெரியாமல் மதிப்பு மாறாது என்று கம்பைலர் நம்பிக்கொண்டு பழைய எண்ணையே பயன்படுத்தக்கூடும்.

தட்டுகள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. இனி ஒவ்வொரு தட்டுக்கும் திரையை மாற்றினால் 610, 620, 630 என்று பதினைந்து முறை முழுதாக மாறி முடிய அரை நிமிடம் ஆகும். கடைக்காரர் விரலை எடுத்து வெகுநேரம் கழித்தும் எண் ஊர்ந்துகொண்டிருக்கும். நடுவில் வரும் விலைகள் யாருக்கும் தேவையில்லை. புரோகிராம் இரண்டு எண்களை வைத்துக்கொண்டால் போதும்: இப்போதைய விலை, திரையில் தெரியும் விலை. தட்டு ஓய்ந்து 400 மில்லி விநாடி கடந்ததும் இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபட்டால் மட்டும் திரையை எழுதவேண்டும். எழுதி முடிப்பதற்குள் விலை மறுபடி மாறியிருந்தால் அடுத்த ஒப்பீடு அதைப் பிடித்துக்கொள்ளும். தட்டுகளை வரிசைகட்டி நிறுத்தி ஒவ்வொன்றாகச் செலுத்தும் ஏற்பாடுகளைவிட இந்த இரண்டு எண் ஒப்பீடு எளியது, தவறாதது. விலையை வெகுதூரம் ஏற்றவேண்டிய நாளுக்காக, பட்டனை அரை விநாடிக்கு மேல் பிடித்திருந்தால் நூறு நூறாகத் தாவும் வசதியையும் அதே டைமரில் சேர்க்கலாம்.

ஓய்வுக்காகக் காத்திருந்தால், தட்டியது பதிந்ததா என்ற ஐயம் கடைக்காரருக்கு வரும். வந்தால் மறுபடி தட்டுவார். திரை சொல்ல முடியாததை உடனே சொல்ல ஒரு சிறு எல்இடியோ பஸ்ஸரோ வேண்டும். தட்டுக்கு ஒரு 'டிக்' ஒலி. பத்து ரூபாய்ப் பஸ்ஸர், ஆயிரக்கணக்கில் விலையுள்ள திரையின் மந்தத்தை மறக்கடித்துவிடும்.

மதுரை மக்கள் நன்றாக அறிந்த ஒரு பட்டன் இயந்திரம் இதே வழியில்தான் நடக்கிறது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழகத்தின் எல்லாத் தொகுதிகளிலும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் வந்தது. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் அதன் உருவாக்கத்தில் பெரும்பங்கு வகித்த பொறியாளர் ரங்கராஜனைத் தமிழ் வாசகர்கள் சுஜாதா என்ற பெயரில் அறிவார்கள். பட்டனை அமுக்கியதும் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும். இப்போது அதனோடு சேர்ந்துள்ள சீட்டுக் கருவியில் சின்னம் அச்சான சீட்டு 7 விநாடி கண்ணாடிக்குள் தெரிந்து, பிறகு பெட்டிக்குள் விழும். விளக்கு உடனடி விடை. சீட்டு மெதுவான விடை. ஆனால் எண்ணும் விதி முற்றிலும் வேறு. முதல் அமுக்கோடு இயந்திரம் பூட்டிக்கொள்ளும். வாக்குச்சாவடி அலுவலர் தம் கருவியில் மறுபடி அனுமதிக்கும்வரை அதே கை எத்தனை முறை அமுக்கினாலும் அது காதில் போட்டுக்கொள்ளாது. விலைப்பலகையில் ஒரு தட்டுகூட விடுபடக் கூடாது. வாக்குப்பெட்டியில் இரண்டாவது தட்டு சேரவே கூடாது. திரை வேலையாக இருக்கும்போது வரும் அமுக்கைச் சேர்ப்பதா தள்ளுவதா என்பதைப் புரோகிராம் எழுதத் தொடங்கும் முன்பே தீர்மானித்துக்கொள்ளவேண்டும். மேலே சொன்ன மூன்றாவது பட்டனுக்கும் இது பொருந்தும். மல்லியிலிருந்து பிச்சிக்குத் தாவும் தட்டு, திரை மாறும்வரை ஒருமுறைக்குமேல் எண்ணப்பட்டால், கடைக்காரர் எந்தப் பூவின் விலையை மாற்றுகிறார் என்பதே குழம்பிப்போகும். அந்தப் பட்டனுக்கு வாக்குப்பெட்டியின் விதியே சரி.

பேட்டரியில் ஓடும் பலகைக்கு இன்னொரு கண்டம் உண்டு. விலை மாறாத நேரமெல்லாம் மைக்ரோகண்ட்ரோலரை ஆழ்ந்த உறக்கத்தில் வைக்கலாம். இஎஸ்பி32 சில்லு அப்போது 10 மைக்ரோ ஆம்பியர் அளவுக்கே மின்சாரம் எடுக்கும். விழித்திருந்தால் அதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு. திரைக்குத்தான் மின்சாரமே வேண்டாமே. ஆனால் அந்தச் சில்லை ஏற்றிவரும் போர்டிலுள்ள ரெகுலேட்டரும் பவர் விளக்கும் தனியாக மின்சாரம் குடிக்கும். விளக்கைக் கழற்றிவிட்டுத்தான் பேட்டரிக் கணக்குப் போடவேண்டும்.

உறங்கும் சில்லை எழுப்புவதும் பட்டன்தான். தட்டியதும் அது விழித்து, புரோகிராமை முதல் வரியிலிருந்து தொடங்குகிறது. அதற்குள் கால் விநாடி போய்விடலாம். 100 மில்லி விநாடியில் விரல் விலகிவிட்டது. விழித்தபின் பின்னைப் படித்தால் அங்கே யாரும் இல்லை. எழுப்பிய தட்டே கணக்கில் சேராமல் போகும். கடைக்காரருக்கு எப்போதும் முதல் தட்டு வீணாகும். எந்தப் பின் எழுப்பியது என்று சில்லின் வன்பொருள் குறித்து வைத்திருக்கிறது. புரோகிராம் எழுந்தவுடன் முதல் வேலையாக அதைக் கேட்டு, அந்தத் தட்டை எண்ணிக்கையில் சேர்க்கவேண்டும். இஎஸ்பி32இன் முதல் வகைச் சில்லில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பல பட்டன்களில் எது அமுங்கினாலும் எழு என்று சொல்லவேண்டுமானால், அமுக்கும்போது பின் உயரும்படி வயரிங் இருக்கவேண்டும். எது தாழ்ந்தாலும் எழு என்று அதனிடம் சொல்ல வழியில்லை. எல்லாம் சேர்ந்து தாழ்ந்தால் மட்டுமே எழும். ஆகவே பட்டனின் மறுகால் 3.3 வோல்ட்டுக்கும் ரெசிஸ்டர் கிரவுண்டுக்கும் என்று தலைகீழாக இணைக்கவேண்டும். இஎஸ்பி32-எஸ்3 போன்ற பிந்தைய சில்லுகளில் இந்தத் தொல்லை நீங்கிவிட்டது.

வெயிலுக்கு வருவோம். கறுப்பு-வெள்ளைத் திரைகள் பொதுவாக 0 முதல் 50 டிகிரி செல்சியஸ்வரை வேலை செய்யும்படி அமைந்தவை. மூவண்ணத் திரைக்குப் பலவற்றில் 40 டிகிரிதான் எல்லை. சித்திரை வெயிலில் மதுரையின் நிழல் வெப்பமே 40ஐத் தொடும். தகரக் கூரைக்கடியில் இன்னும் ஏறும். சிவப்பு எழுத்து கண்ணைக் கவர்ந்தாலும் இந்த ஊரின் கடைக்கு அது ஆகாது. திரை தன் உள்ளிருக்கும் வெப்பமானியைப் பார்த்துத் துகள்களைத் தள்ளும் மின்துடிப்பின் நீளத்தை மாற்றிக்கொள்ளும். எனவே மாறும் நேரம் எப்போதும் இவ்வளவுதான் என்று புரோகிராமில் எழுதிவைக்காமல், பிஸி பின் சொல்வதையே நம்பவேண்டும். பகுதித் திருத்தத்தையே தொடர்ந்து செய்தால் பழைய எண்ணின் நிழல் சாம்பலாகத் தங்கும். ஐந்தாறு திருத்தத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றினால் அது கலையும். மாற்றி முடித்ததும் திரையை உறக்கத்துக்கு அனுப்பும் கட்டளை கட்டாயம். உயர் வோல்ட்டேஜிலேயே விட்டுவைத்தால் திரை கெட்டுப்போகும்.

கடைசியாகப் பேட்டரி மாற்றும் நாள். பேட்டரியைக் கழற்றிய கணத்தில் மைக்ரோகண்ட்ரோலர் எல்லாவற்றையும் மறந்துவிடும். திரை மட்டும் 850 என்று காட்டிக்கொண்டே இருக்கும். புது பேட்டரி போட்டு ஒரு தட்டுத் தட்டினால் 860 வரும் என்று கடைக்காரர் எதிர்பார்ப்பார். சுழியத்திலிருந்து தொடங்கிய புரோகிராம் 10 என்று எழுதும். வேறு திரைகளில் இரண்டும் சேர்ந்தே அணைந்துவிடுவதால் இந்த முரண் எழுவதில்லை. விலையை மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் எழுதிவைக்கவேண்டும். ஆர்டுயினோ யூனோ சில்லில் அந்த நினைவகத்தின் ஒவ்வோர் இடமும் 1,00,000 முறை எழுதத் தாங்கும் என்பது தயாரிப்பாளர் தரும் கணக்கு. நாளுக்கு 20 விலை மாற்றம், மாற்றத்துக்கு 15 தட்டு என்று கொண்டால், ஒவ்வொரு தட்டுக்கும் எழுதும் புரோகிராம் அந்த இடத்தை ஓராண்டுக்குள் தீர்த்துவிடும். தட்டு ஓய்ந்து திரையை மாற்றும்போது மட்டும் ஒருமுறை எழுதினால் பதின்மூன்று ஆண்டுக்குமேல் வரும்.